ஊரறியாத மகன்: கர்ணன் கதையில் பிறப்பு ரகசியமும் அதன் பின்விளைவுகளும்

கர்ணனின் பிறப்பு போர் தொடங்கும்வரை யாருக்கும் தெரியாதிருந்தது, கண்ணன்தான் அதை முதலில் உடைத்தான் என்றே நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். வியாச பாரதத்தைப் பருவம் பருவமாகப் படிப்பவருக்கு இந்த எண்ணம் நிலைப்பதில்லை. வன பருவத்தில் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விடும்போது குந்தியின் செவிலி உடனிருக்கிறாள். பேழை அசுவ நதியிலிருந்து சர்மண்வதி, யமுனை வழியாகக் கங்கையை அடைந்து சம்பாபுரிக்கு வந்து சேர்கிறது. கவசத்தோடு பிறந்த பிள்ளை அங்க நாட்டில் வளர்வதை ஒற்றர் வழியாகக் குந்தி அறிந்திருந்தாள் என்றும் அதே பகுதி சொல்கிறது. வியாசருக்குத் தெரியும், நாரதருக்குத் தெரியும், அவர்கள் வழியாகப் பீஷ்மருக்கும் தெரியும். உத்தியோக பருவத்தில் கண்ணன் தேரில் ஏற்றிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லும்போது கர்ணனிடம் அதிர்ச்சியே இல்லை. இவையெல்லாம் தனக்குத் தெரியும் என்றுதான் பதில் சொல்கிறான்.

அப்படியானால் இங்கே மறைக்கப்பட்டது எது? செய்தி பலரிடம் இருந்தது. தாய் ஊரறிய “இவன் என் மகன்” என்று சொல்லவில்லை. கர்ணன் கதையின் நீண்ட துயரம் இந்தச் சொல்லாமையிலிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அறியாமையை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

அரங்கேற்றக் காட்சியில் இது துலக்கமாகத் தெரிகிறது. அருச்சுனனுக்கு எதிரே வந்து நிற்கும் கர்ணனிடம் கிருபர் குலம் கேட்கிறார். அவன் தலை கவிழ்கிறது. பதில் தெரிந்த ஒருத்தி அதே அரங்கில் மயங்கி விழுகிறாள். விதுரர் சந்தன நீர் தெளித்து அவளை எழுப்புகிறார். சற்று நேரத்தில் தேர்ப்பாகன் அதிரதன் உள்ளே வருகிறான். அங்க நாட்டு முடிசூட்டின் ஈரம் காயாத தலையோடு கர்ணன் அவனை வணங்குகிறான். உன் குலத்துக்குச் சாட்டையே பொருத்தம் என்கிறான் வீமன். தன் அண்ணனைத்தான் இழிவுபடுத்துகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. மயக்கம் தெளிந்த குந்தி வாய் திறந்திருந்தால் அந்த வாக்கியம் பிறந்திருக்காது. அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மணமாகாத பெண்ணின் மகப்பேற்றை ஏற்கும் இடம் அந்த அரண்மனையில் இல்லை, அவள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அச்சத்தின் விலையைக் கொடுத்தவன் பிள்ளை.

மறைத்ததன் தடம் அறியாதவர்களிடமும் பதிகிறது. இதற்கு நான் கண்ட மிக நுட்பமான சான்று சாந்தி பருவத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. போர் முடிந்தபின் தருமன் நாரதரிடம் ஒரு நினைவைச் சொல்கிறான். சூதாட்ட மண்டபத்தில் கர்ணன் கடுஞ்சொல் பேசியபோது தனக்கு எழுந்த சினம் அவன் பாதங்களைப் பார்த்ததும் தணிந்துவிட்டது; அவை குந்தியின் பாதங்களைப் போலிருந்தன; காரணம் தேடித் தேடியும் பிடிபடவில்லை. ஒரு குடும்பம் வாய்விட்டுச் சொல்லாததை உடல் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாக வேறெந்தப் பழங்கதையும் காட்டியதாக நான் அறியேன். தருமன் பார்த்தான், உணர்ந்தான், பொருள் கொள்ள மட்டும் அவனுக்கு வழியில்லை. அந்த வழியை அடைத்தது தாயின் மௌனம்.

உண்மை சொல்லப்படும் தருணங்களும் கவனிக்கத்தக்கவை. கண்ணன் சொல்லும்போது பாண்டவர் பக்கம் வா என்ற அழைப்பும் கூடவே வருகிறது. குந்தி கங்கைக் கரையில் சொல்வதும் தன் மக்களைக் காப்பதற்காக. கர்ணனின் பதில் இதைத்தான் குத்துகிறது: தாயாக எனக்கு நன்மை எதுவும் செய்யாதவள் இன்று உன் நலம் கருதி என்னிடம் பேசுகிறாய் என்கிறான். அதற்கு முன் கண்ணனிடம் அவன் சொன்னது வேறு வகையான கணக்கு. தன்னைக் கண்டதும் ராதைக்குப் பால் சுரந்தது. அவள்தான் தன் மலசலம் அள்ளினாள். பிறப்புச் சடங்கு செய்து பெயரிடச் செய்தவன் அதிரதன். தாய்மை என்பதைப் பிள்ளைக்குச் செய்த வேலைகளாகவே அவன் எண்ணிப் பார்க்கிறான்.

பால் என்ற இந்தச் செய்தியைத் தமிழ் மரபு வேறொரு திசைக்குக் கொண்டுபோனது. வில்லிபுத்தூரார் பாரதத்தில், தாய் என்று சொல்லி வந்த பொய்ப்பெண்கள் தேவர் தந்த துகிலை உடுத்தி எரிந்துபோனார்கள் என்கிறான் கர்ணன். குந்தி உடுத்தும்போது துகில் அவளைச் சுடுவதில்லை. பிறகு அவளிடம் அவன் கேட்பது நாடோ உயிரோ இல்லை. களத்தில் தான் விழும்போது எல்லோரும் அறிய வந்து முலைப்பால் ஊட்டி மகன் என்று சொல்ல வேண்டும் என்கிறான். வியாசரிடம் இல்லாத இந்த வேண்டுகோளை வில்லியின் ஆழ்ந்த வாசிப்பு என்றே மதிக்கிறேன். ராதை கொடுத்ததைக் குந்தியும் கொடுக்க வேண்டும், அதையும் நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும். வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தான கர்ண மோட்சம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. குலம் தெரியாதவன் என்று மனைவி பொன்னுருவி அவனை இகழ்கிறாள். சபையில் தொடங்கிய அவமானம் படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது.

இப்படிப் பிறப்பு மறைக்கப்படுவதில் தகவல் என்ற பகுதியை இன்றைய சட்டங்கள் தீர்க்க முயல்கின்றன. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், தத்துப் போனவர்கள் 18 வயதில் தம் மூலப் பிறப்புச் சான்றிதழைப் பெற வழி செய்தது. இந்தியத் தத்தெடுப்பு விதிமுறைகளும் வேர் தேடலுக்கு இடம் தருகின்றன. இவை தேவையானவை. ஆனாலும் பதிவேடு பெயரைத்தான் தர முடியும். அந்தப் பெயருக்குரியவர் உறவினர் முன் வாய் திறப்பாரா என்பது எந்த அலுவலகத்தின் கையிலும் இல்லை.

குந்தி வாய் திறந்தது ஸ்திரீ பருவத்தின் இறுதியில், நீர்க்கடன் நடக்கும் கங்கைக் கரையில். கேட்க வேண்டியவன் அப்போது உயிரோடு இல்லை. தருமன் அடைந்த வேதனை சாபமாக மாறியது: பெண்களிடம் இனி ரகசியம் தங்காது என்றான். ஒருத்தி இத்தனை ஆண்டு வாய் திறவாமல் காத்த ரகசியத்துக்கு இதைவிடப் பொருந்தாத தண்டனை இருக்க முடியாது. பேசாததால் நேர்ந்த அழிவுக்கு, பெண்கள் பேசுவதையே குற்றமாக்கினான். அந்தச் சாபத்தை இன்றும் பழமொழிபோலச் சொல்லிச் சிரிப்பவர்கள் அதன் பிறப்பிடத்தை மறந்துவிடுகிறார்கள்.

சாபம் பின்னால் வந்தது. குந்தி சொல்லி முடித்தவுடன் தருமன் செய்தது வேறு. கர்ணனின் மனைவியரையும் குடும்பத்தாரையும் கரைக்கு அழைத்துவரச் செய்தான். அவர்களோடு நின்று அண்ணனுக்கு நீர் இறைத்தான்.