தீனித்தட்டில் வளர்ந்த பட்சி சாஸ்திரம்

பறவையை அறிய விரும்புகிறவனுக்கு ஆதிநாள் தொட்டு இருந்துவரும் முதல் இடையூறு தூரமே. செடி கொடிகள் நின்ற இடத்தில் நின்று நமக்காகக் காத்திருக்கும். நாற்கால் விலங்குகள் பலவற்றைக் கட்டிவைத்தேனும் ஆராயலாம். ஆனால் கிளையின் நுனியில் ஒரு கணம் அமர்ந்து, மறுகணம் வானில் மறைந்துவிடும் சிற்றுயிர் ஒன்றன் இறகின் வரிகளையும், அலகின் வளைவையும், கண்ணைச் சூழ்ந்த வளையத்தையும் எவ்வாறு நிச்சயமாகக் கூறுவது? இவ்வினாவுக்கு மனிதர் இரண்டு விடைகளைக் கண்டனர். பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துக்கொள்வது ஒன்று. தானியத்தை வைத்து, அதுவே விரும்பி அருகில் வரும்படி செய்வது மற்றொன்று. முதல் விடையை மெல்ல மெல்லக் கைவிட்டு இரண்டாவது விடைக்கு ஒரு சமுதாயம் வந்து சேர்ந்த சரித்திரத்தை வட அமெரிக்காவின் வீட்டுத் தோட்டங்களிலே காணலாம். காருண்யம் அறிவுக்குத் தடையாகும் என்று எண்ணுகிறவர்கள் அச்சரித்திரத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்சி சாஸ்திரம் பெரும்பாலும் துப்பாக்கியை நம்பியே நடந்தது. 1827 முதல் 1838 வரை 435 பெரும் தகடுகளாக வெளிவந்த 'அமெரிக்காவின் பறவைகள்' என்னும் மகத்தான சித்திரத் தொகுதியை இயற்றிய ஜான் ஜேம்ஸ் ஆடுபான், தாம் தீட்ட விரும்பிய பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, உயிரோடிருப்பன போலத் தோன்றும்படி கம்பிகளால் நிறுத்தி, அவற்றை எதிரே வைத்துக்கொண்டு வரைந்தார். அவருக்குப் பின் வந்த எலியட் கூஸ் என்னும் பேரறிஞர் 1874-இல் வெளியிட்ட கள ஆராய்ச்சி நூலிலும், ஆராய்ச்சியாளன் தேட வேண்டிய கருவிகளுள் இரட்டைக்குழல் துப்பாக்கியே முதன்மை பெற்றது. இவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. கண்ணால் கண்டேன் என்று ஒருவர் கூறும் வார்த்தையை வித்துவ சபைகள் எளிதில் ஏற்காத அந்நாளில், தோலுரித்துப் பஞ்சடைத்து இழுப்பறையில் வைத்த உடலே பிரமாணமாகக் கருதப்பட்டது. இனங்களைப் பிரித்துக் காட்டும் நூல்களும் சிறகின் இறகுகளை எண்ணியும் காலின் நீளத்தை அளந்தும் பார்க்கக்கூடிய வகையிலே, அதாவது பறவை கைக்குள் கிடக்கிறது என்ற எண்ணத்திலேயே, எழுதப்பட்டிருந்தன.

இந்நிலை மாறுவதற்கு முதற்காரணமாக அமைந்தது சாஸ்திர விசாரணையன்று. பெண்களின் தொப்பி அலங்காரத்திற்காக நடைபெற்ற பெருங்கொலையே. 1886-இல் பிராங்க் சாப்மன் என்னும் இளைஞர் நியூயார்க் நகரத்தின் கடைத்தெருக்களில் இரண்டு பிற்பகல்கள் உலாவி, எதிர்ப்பட்ட 700 தொப்பிகளுள் 542 இறகுகளாலோ பறவைகளின் உடல்களாலோ அலங்கரிக்கப்பட்டிருந்தன என்று கணக்கெடுத்தார். அவற்றுள் ஏறக்குறைய நாற்பது இனங்களை அவர் நடந்தபடியே பெயர் சொல்லி அடையாளம் கண்டார். ஓடும் கூட்டத்தில் ஒரு நொடிப் பார்வையில் இத்தனை இனங்களைப் பிரித்தறிய முடியுமானால், உயிரோடு கிளையில் அமர்ந்திருக்கும் பறவையை மட்டும் கொன்றுதான் அறிய வேண்டுமா என்ற கேள்வி அக்கணக்கினுள்ளேயே அடங்கியிருந்தது.

அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்மித் கல்லூரியில் மாணவியாயிருந்த பிளாரன்ஸ் மெரியம், தம் தோழியரைக் கூட்டிப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார். இறகுத் தொப்பியைத் துறக்கச் சொல்லும் உபதேசத்தினும், உயிருள்ள பறவையைக் காட்டி அதன்மேல் அபிமானத்தை உண்டாக்குவதே மேலான வழி என்று கண்டு, அவர்களைக் காலை வேளைகளில் வயல்களுக்கும் சோலைகளுக்கும் அழைத்துச் சென்றார். நாடக மேடையைக் காண்பதற்காகச் சீமாட்டிகள் வைத்திருந்த சிறு இரட்டைக் கண்ணாடியே அவர்களுடைய ஆராய்ச்சிக் கருவி. அந்த அநுபவத்தின் பயனாக 1889-இல் வெளிவந்த அவருடைய நூல், சுமார் எழுபது பறவைகளைச் சாதாரண வாசகர் தம் வீட்டருகிலேயே நின்று அறிந்துகொள்ளும்படி விளக்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பின்னர் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, பறவைகளைப் போட்டியிட்டுச் சுடும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக, அவற்றைப் போட்டியிட்டு எண்ணும் புதிய வழக்கத்தைச் சாப்மன் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டில் அதற்கு முன்வந்தவர்கள் 27 பேர். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் காட்டுப் பறவைகளைக் கொல்வதையும் விற்பதையும் பெரும்பாலும் குற்றமாக்கிற்று. துப்பாக்கி கீழே வைக்கப்பட்டது. ஆயின் தூரம் என்னும் பழைய இடையூறு இருந்தபடியே இருந்தது.

அதை நீக்கியது குளிர்காலத்தின் பசி. பனி மூடிய அந்நாடுகளில் பகல் குறுகி, இரவு நீண்டு, புழுவும் விதையும் உறைபனிக்கு அடியில் மறைந்துபோகும் மாதங்களில், பத்துப் பன்னிரண்டு கிராம் எடையேயுள்ள சிக்கடி என்னும் சிட்டு, மாலைக்குள் போதிய கொழுப்பைத் தேடிச் சேர்க்காவிட்டால் மறுநாட் காலையைக் காணாது. இதை உணர்ந்த ஜெர்மானியப் பிரபு ஹான்ஸ் வான் பெர்லெப்ஷ், தூரிங்கியாவிலுள்ள தம் சீபாக் பண்ணையில், உருக்கிய கொழுப்பில் விதைகளைக் கலந்து ஊசியிலை மரக்கிளைகளின்மேல் ஊற்றி உறையச் செய்தும், மழையும் பனியும் நனைக்காத தீனிமாடங்களை அமைத்தும் பறவைகளை ஆதரித்தார். அவருடைய முறைகள் நூலாக வெளிவந்து கடல் கடந்தும் பரவின. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து மெரிடன் என்னும் சிற்றூரில் எர்னஸ்ட் ஹெரால்ட் பேன்ஸ் அவ்வழக்கத்தை ஊர்ப்பொதுக் காரியமாகவே ஆக்கினார். 1915-இல் அவர் எழுதிய நூல் காட்டுப் பறவைகளை விருந்தினராகப் பாவித்து, ஜன்னலுக்கு வெளியே தட்டு அமைப்பது முதல் மாட்டுக்கொழுப்பைக் கட்டித் தொங்கவிடுவது வரையில் உபசார முறைகளை விரிவாகக் கற்பித்தது. காலப்போக்கில் சூரியகாந்தி விதை இத்தட்டுகளின் பிரதான உணவாயிற்று. நம் மலைப்புறங்களில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் பேயெள்ளும் இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பலேறி, முளைக்காதபடி வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு, அங்குள்ள பொற்பிஞ்சு என்னும் மஞ்சள்நிறச் சிட்டுகளுக்கு விருப்பமான இரையாகி வருகிறது.

வயிற்றுக்காக வந்த பறவை கண்ணுக்கும் அருகில் வந்தது. கண்ணுக்கு அருகில் வந்தது காமிராவுக்கும் எட்டியது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் பிறந்த கீர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் பறவைக் கூட்டைப் படமெடுக்கத் தொடங்கி, 1895-இல் முழுதும் புகைப்படங்களாலேயே விளக்கப்பட்ட நூலொன்றை வெளியிட்டபோது, அருகிற் செல்வதற்காக அவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமன்று. பின்னாளில் பாடம்செய்த எருதின் தோலுக்குள் காமிராவோடு புகுந்து மணிக்கணக்காக நின்று படமெடுத்ததும் உண்டு. தீனித்தட்டு வைத்தவனுக்கோ அத்தகைய வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. அவன் வீடே அவனுக்கு மறைவிடம், ஜன்னலே திரை. எந்தக் கிளையில் பறவை முதலில் வந்து தங்கும், எந்த விளிம்பில் இறங்கும் என்பதை முன்னரே அறிந்து, ஒளியையும் குவியத்தையும் சரிசெய்துகொண்டு காத்திருக்கும் வசதி காட்டில் அலையும் படக்காரனுக்கு எளிதில் வாய்க்காதது. ஹம்மிங் பறவையின் சிறகடிப்பு இதற்குச் சிறந்த உதாரணம். நொடிக்கு ஐம்பது முறை அளவில் அடித்துக்கொள்ளும் அச்சிறகுகள் சாதாரணக் கண்ணுக்கு வெறும் மூட்டமாகவே தோன்றும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன், தாம் கண்டுபிடித்த அதிவேக மின்னொளியைச் சர்க்கரை நீர்க் குப்பிகளுக்கு வந்த ஹம்மிங் பறவைகளின்மேல் பாய்ச்சி, நொடியின் நுண்ணிய பின்னத்தில் எடுத்த படங்களை 1947-இல் பிரசுரித்தபோது, அந்தரத்தில் நின்றபடியே உண்ணும் அப்பறவையின் சிறகு முன்னும் பின்னுமாகத் திரும்பும் விதம் யாவருக்கும் பிரத்தியட்சமாயிற்று. ஒரு குப்பிச் சர்க்கரை நீர் இல்லையேல் அந்த மின்னொளிக்கு முன்னே வந்து நிற்கும்படி அவற்றை யாரால் கட்டளையிட முடியும்?

அருகில் கண்டதைப் பெயரிட்டு அறியும் கலையை வகுத்துத் தந்தவர் ரோஜர் டோரி பீட்டர்சன். 1934-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் அவர் வெளியிட்ட கள வழிகாட்டி, ஒத்த தோற்றமுள்ள பறவைகளை அருகருகே வரைந்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் உறுப்பை மட்டும் சிறு கோட்டினால் சுட்டிக்காட்டியது; முதற்பதிப்பின் 2,000 பிரதிகளும் வெகு விரைவில் விற்றுத் தீர்ந்தன. கையில் கிடக்கும் உடலுக்காக எழுதப்பட்ட இலக்கணம், உயிரோடு எதிரே அமர்ந்திருக்கும் பறவைக்கான இலக்கணமாக மாறியது அந்நூலால்தான். அவ்விலக்கணத்தைப் பயிலுவதற்குத் தீனித்தட்டைப் போன்ற பாடசாலை வேறில்லை. கொழுப்புக்கட்டிக்கு வரும் டௌனி, ஹேரி என்னும் இருவகை மரங்கொத்திகளும் கறுப்பு வெள்ளைக் கோலத்தில் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. டௌனியின் அலகோ தலையின் அளவிற் பாதிக்கும் குறைவு, ஹேரியின் அலகோ ஏறக்குறையத் தலையளவு நீளம். பறந்தோடும்போது இந்தப் பேதத்தைக் காண்பது கடினம். படத்தில் நிறுத்திப் பார்க்கும்போது அலகை அளக்கவே செய்யலாம். புகைப்படமும் சில சமயம் மயக்கும் என்பது உண்மைதான்: நிழலில் நிறம் மாறுபடும், குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்ட சிறு பறவை பருத்துத் தோன்றும், தனித்த படத்தில் உருவத்தின் அளவு தெரியாது. ஆனால் அளவு தெரிந்த தட்டின் விளிம்பும் விதையும் அதே படத்தில் இருப்பதால், அந்த மயக்கங்களுள் ஒன்றையேனும் தீனித்தட்டு தானே தீர்த்துவிடுகிறது. அரிய பறவை ஒன்று வந்ததென்று சொல்லுகிறவர் முற்காலத்தில் அதன் உடலைக் காட்ட வேண்டியிருந்தது. இப்போது படத்தைக் காட்டினால் போதும். பிரமாணம் மாறிற்று, பறவை பிழைத்தது.

தனித்தனி வீடுகளில் சேர்ந்த இந்த அறிவை ஒன்றாகத் திரட்ட முடியும் என்று கண்டவர் கனடாவைச் சேர்ந்த எரிக்கா டன். 1976-இல் ஒண்டாரியோவின் லாங் பாயிண்ட் பறவை ஆய்வகத்தின் மூலம் அவர் தொடங்கிய குளிர்காலத் தீனித்தட்டுக் கணக்கு, 1987-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆராய்ச்சிக் கூடத்தோடு இணைந்து கண்டம் முழுவதற்கும் விரிந்தது. ஒரே பறவை பலமுறை வந்து கணக்கைக் கெடுக்காதபடி, ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பறவைகள் அதிகபட்சமாகக் காணப்பட்டன என்பதையே குறிக்க வேண்டும் என்ற எளிய விதி, குழந்தைகளும் முதியோரும் தரும் கணக்குகளைச் சாஸ்திரத்துக்குப் பயன்படும்படி செய்தது.

இவ்வறிவின் பரீட்சையும் வந்தது. மேற்குக் கரையைச் சேர்ந்த வீட்டுப் பிஞ்சு என்னும் செந்நிறச் சிட்டு, கூண்டுப் பறவையாகச் சட்டவிரோதமாக நியூயார்க்கில் விற்கப்பட்டு, 1940-இல் வழக்குக்கு அஞ்சிய வியாபாரிகளால் திறந்துவிடப்பட்டு, கிழக்குப் பிரதேசம் எங்கும் பல்கிப் பெருகியது. 1994-ஆம் ஆண்டின் முற்பகுதியில் வாஷிங்டனைச் சுற்றிய தோட்டங்களில் அவற்றுட் சில கண் வீங்கி, பார்வையிழந்து தட்டுகளில் அமர்ந்திருப்பதை வீட்டார் கண்டனர். கோழிகளையும் வான்கோழிகளையும் பீடிக்கும் நுண்கிருமி ஒன்று காட்டுச் சிட்டுக்குத் தாவியிருந்தது. அந்நோய் ஊர் ஊராகப் பரவிய வேகத்தையும், சில ஆண்டுகளில் கிழக்கத்திய வீட்டுப் பிஞ்சுகளின் தொகை பெருமளவுக்குக் குறைந்ததையும் உலகறியச் செய்தவர்களுள், ஜன்னலருகே அமர்ந்து எண்ணிய தொண்டர்களின் பங்கு பெரிது. அதே சமயம், பல பறவைகள் ஒரே இடத்தில் அலகு வைத்து உண்ணும் தட்டே நோய் தொற்றும் இடமாகவும் ஆகக்கூடும் என்ற கசப்பான உண்மையும் அவர்களுக்குத் தெரியவந்தது. தட்டைக் கழுவுவதும், நோய் கண்டால் சிலகாலம் அகற்றிவிடுவதும் அன்றுமுதல் விருந்தோம்புவோரின் கடமைகளாயின. 2021-இன் கோடையில் வாஷிங்டன் பகுதியிலும் கிழக்கத்திய மாகாணங்கள் சிலவற்றிலும் பாடும் பறவைகள் காரணம் விளங்காத நோயால் மடிந்தபோது, தட்டுகளை அகற்றிவிடுமாறு வனவிலங்கு அதிகாரிகள் பொதுமக்களை வேண்டிக்கொண்டனர்.

அந்த வேண்டுகோளையே இச்சரித்திரத்தின் சாரமாக நான் மதிக்கிறேன். பறவையைக் கொன்றேனும் அறிய வேண்டும் என்று தொடங்கிய ஒரு வித்தை, அறியும் இன்பத்தை இழந்தேனும் பறவையைக் காக்க வேண்டும் என்ற நிலைக்கு உயர்ந்திருக்கிறது. அழைத்து அறிவது முதற்படி. அழைக்கலாகாத காலத்தை அறிவது அதனினும் மேலான படி. தட்டு வைக்கிறவரும் படமெடுக்கிறவரும் இவ்விரண்டையும் ஒருங்கே கற்பார்களாயின், அவர்களுடைய பொழுதுபோக்கைச் சாஸ்திரம் என்றும் தர்மம் என்றும் அழைப்பதற்கு நான் சற்றும் தயங்கமாட்டேன்.