ஹாலே அநாதை இல்லமும் மூன்று கல்வித் துறைகளும்

இறையியல் மாணவர் திருமறை ஆராய்ச்சியோடும் திருச்சபை வரலாற்றோடும் உளவியல், வணிக நிர்வாகம், சமயவியல் ஆகியவற்றின் தொடக்கக் கருத்துகளையும் கற்க வேண்டியவராகிறார். இவை வெளியிலிருந்து வந்தவை, விசுவாசத்தைக் குலைக்கக்கூடியவை என்னும் ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. இவ்வையம் சரிதானா என்பதை வரலாற்றுச் சான்று ஒன்றைக் கொண்டு ஆராய்வோம். தரங்கம்பாடி மிஷனுக்கு ஆதாரமாய் நின்ற ஜெர்மன் நாட்டு ஹாலே நகரமே நாம் எடுத்துக்கொள்ளும் சான்று.

1687ஆம் ஆண்டில் லூனெபர்க் நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் இளைஞர் யோவான் 20:31ஆம் வசனத்தின்மேல் பிரசங்கிக்க ஆயத்தமானார். பிறருக்கு விளக்கவேண்டிய விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டு கலங்கினார். முழந்தாளிட்டு மன்றாடிய வேளையில் அவருடைய ஐயம் நீங்கிற்று. பின்னர் அவர் தலைமை ஏற்ற ஹாலே வட்டாரத்தில், பாவ உணர்வினால் வரும் போராட்டமும் அதன்பின் கிடைக்கும் ஆறுதலும் உண்மையான மனந்திரும்புதலுக்கு அளவுகோலாகவே கருதப்படலாயின. ஹாலே பள்ளியில் பயின்ற சின்சென்டார்ஃப் பிரபுவே இவ்வளவுகோலை எல்லாருக்கும் கட்டாயமாக்கலாகாது என்று பிற்காலத்தில் மறுத்தார்.

இதே சிக்கலை உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஆராய்ந்தார். மனந்திரும்புதல் எவ்வடிவில் நிகழ்கிறது என்பதில், சுற்றியுள்ள சமூகத்தின் போதனைக்கும் எதிர்பார்ப்புக்கும் பெரும்பங்கு உண்டு என்று காட்டினார். ஆயினும் ஓர் அனுபவம் எவ்வாறு தோன்றிற்று என்பது ஒரு கேள்வி. அதன் மதிப்பு யாது என்பது வேறொரு கேள்வி என்றும் பிரித்துரைத்தார். மதிப்பைக் கனிகளால் அறிய வேண்டும் என்பது அவர் முடிவு. இது நமக்குப் புதிய போதனையன்று.

இரண்டாவதாகப் பொருளாதாரத்தைக் காண்போம். 1695இல் பிராங்கேயின் காணிக்கைப் பெட்டியில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் பணமே ஏழைப்பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாயிற்று. 1698இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1727இல் அவர் மறைந்தபோது ஹாலே பள்ளிகளில் 2000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர். இது தேவனுடைய பராமரிப்பின் சாட்சி என்று பிராங்கே எழுதினார். அதே வளாகத்தில் மருந்துக்கடையும் புத்தகக்கடையும் அச்சகமும் இயங்கின. ஹாலேயின் மருந்துகள் தொலைநாடுகளிலும் விலைபோயின. 1710இல் கான்ஸ்டைன் பிரபு தொடங்கிய வேதாகம நிறுவனம், கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் வைத்து மீண்டும் மீண்டும் அச்சிட்டு, வேதாகமத்தை மலிவாக்கிற்று.

1904, 1905ஆம் ஆண்டுகளில் மாக்ஸ் வேபர் வெளியிட்ட கட்டுரைகள், உலகத் தொழிலையே இறையழைப்பாகக் கருதி ஒழுங்குடன் உழைத்த புரொட்டஸ்டண்டு வாழ்க்கைமுறைக்கும் நவீன முதலாளித்துவ மனப்பாங்குக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தன. பிராங்கேயும் அங்கே குறிப்பிடப்படுகிறார். சீர்திருத்த இயக்கம் மட்டுமே முதலாளித்துவத்தை உண்டாக்கிற்று என்று வேபர் கூறவில்லை. ஆனால் ஜெபமும் கணக்கேடும் ஒரே மேசையில் இருந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. பராமரிப்பைப் பற்றி மட்டும் பேசிக் கணக்கை மூடிவைக்கும் சபையில் ஊழல் எளிதில் குடிபுகும்.

மூன்றாவது சான்று நம்மை நேரடியாகத் தொடுவது. ஹாலேயில் சிறிதுகாலம் பயின்ற சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் நூல்களைக் கற்றும் இவ்வூர் மக்களிடம் கேட்டறிந்தும், தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை 1713இல் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். ஹாலே அதனை அச்சிடவில்லை. புறமதத்தை அகற்றச் சென்றவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அங்குள்ளோரின் எண்ணம். 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், வில்ஹெல்ம் கெர்மன் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1870இல், மாக்ஸ் முல்லர் லண்டனில் சமயவியலை ஓர் அறிவியலாக அறிமுகப்படுத்திச் சொற்பொழிவாற்றினார். நம் முன்னோடி ஒருவர் முன்னரே தொடங்கியிருந்த பணியைத் திருச்சபை அச்சத்தினால் முடக்கிவைத்தது. பின்னர் அதே பணியைப் பிறர் தொடங்கக் கண்டது.

எனவே இத்துறைகள் எழுப்பும் கேள்விகள் அந்நியமானவை அல்ல. அவற்றுக்குத் தனிப்பெயர் கிடைக்குமுன்னரே நம் வீட்டில் எழுந்தவை. இவற்றுக்கும் எல்லை உண்டு. ஜேம்ஸ் தனிமனிதரின் அனுபவத்தையே நோக்கிச் சபையின் கூட்டு வாழ்வை ஒதுக்கிவிட்டார். வேபரின் கருத்தை மறுத்த வரலாற்றாசிரியர் பலர். விசுவாசத்தின் மனிதப் பக்கத்தை இவை அளக்கக்கூடும். அருளை அளக்கும் கோல் இவற்றிடம் இல்லை.

நாளை குருத்துவப் பணி ஏற்கும் மாணவர், தம் அனுபவத்தைப் போலில்லாத ஒரு சாட்சியைக் கேட்க நேரிடும். சபையின் கணக்கேட்டைத் திறக்க நேரிடும். அடுத்த வீட்டாரின் வழிபாட்டைப் பற்றிப் பேச நேரிடும். அம்மூன்று வேளைகளிலும் ஹாலேயை நினைவுகூர்வாராக. அதன் பக்தி நமக்கு வேண்டும். சீகன்பால்கின் நூலை முடக்கிய அதன் அச்சம் நமக்கு வேண்டாம்.