காப்பிக்கொட்டையை அரைத்த கைகள்

போன வருஷம் சிக்மகளூர்க் கொட்டை கால் கிலோ வாங்கினேன். கொஞ்சம் விலை கூடின ரகம். கூடவே ஆன்லைனில் ஒரு மின் கிரைண்டர். உள்ளே மிக்ஸி மாதிரியே ஒரு பிளேடு, மேலே ஒரு பட்டன். இருபது செகண்டில் பொடி ரெடி. ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் போட்டுக் குடித்தால் ஒரே மடக்கில் புளிப்பும் கசப்பும். டம்ளருக்கு அடியில் சேறு மாதிரி வண்டல். கொட்டையைத் திட்டினேன், தண்ணீரைத் திட்டினேன். கிரைண்டர்மேல் சந்தேகமே வரவில்லை. பொடி பண்றதுதானே, எதுல பண்ணா என்ன?

என்ன என்பதற்குப் பதில் பள்ளிக்கூடக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக வெட்டினால் 8 துண்டு. பரப்பு 12 ஆகிவிடும். துண்டு சிறிதாகச் சிறிதாகத் தண்ணீர் தொடும் இடம் கூடும், சாரம் சீக்கிரம் இறங்கும். பிளேடு சுழலும்போது எந்தக் கொட்டை எத்தனை தடவை அடிபடும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் ஒரே பொடியில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். மாவிலிருந்து சாரம் அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும். குருணையிலிருந்து அரைகுறையாக இறங்கிப் புளிக்கும். நான் குடித்தது இரண்டையும் சேர்த்து.

நம் அடுப்படிக்கு இது தெரிந்த விஷயம்தான். இடிக்க உரல், மசிய அரைக்க அம்மி, உப்புமாவுக்கு அரிசியை உடைக்கத் திருகை. திருகையின் நடுக்குழியில் போட்ட தானியம் இரண்டு கல்லுக்கும் நடுவே நகர்ந்து ஓரத்துக்கு வரும். இடைவெளியைவிடச் சிறிதாகும்வரை எந்தத் துண்டும் வெளியே வர முடியாது. இன்று 'பர் கிரைண்டர்' என்று விற்பது இந்தத் தத்துவத்தைத்தான். கல்லுக்குப் பதில் பல் வெட்டிய எஃகு அல்லது பீங்கான். கூம்பு வடிவிலோ தட்டை வடிவிலோ இருக்கும். திருகினால் இடைவெளி கூடும், குறையும்.

காப்பியும் உரலில்தான் ஆரம்பித்தது. 15ஆம் நூற்றாண்டில் ஏமனின் சூஃபிகள் இரவுப் பிரார்த்தனையில் தூங்காமலிருக்கக் குடித்த பானம் அது. அரபுப் பாலைவனத்தில் பெடூயின்கள் வறுத்த கொட்டையை உரலில் தாளம் போட்டு இடிப்பார்கள். அந்தச் சத்தமே விருந்தாளிகளுக்கு அழைப்பு. 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் காப்பிக்கடைகள் வந்தன. துருக்கிக் காப்பிக்கு வடிகட்டி கிடையாது. பொடியோடு சேர்த்துக் கொதிக்க வைத்து அப்படியே ஊற்றுவார்கள். பொடி அடியில் படிந்து உட்கார வேண்டுமென்றால் அது மாவாக இருக்க வேண்டும். அதற்காகத் துருக்கியர் புழங்கியது நீள உருளையான பித்தளை அரைப்பான். கொட்டை மேலே, கைப்பிடி உச்சியில், பொடி கீழே. இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கை கிரைண்டர்களும் ஏறக்குறைய அதே உருவம்தான்.

பிரான்சில் பெஜோ குடும்பத்தின் கதை வேறு. 1810இல் தங்கள் மாவு ஆலையை எஃகுப் பட்டறையாக மாற்றினார்கள். ரம்பம் செய்தார்கள், 1840இல் காப்பி அரைக்கும் மெஷின் செய்தார்கள், மிளகு அரைப்பான் செய்தார்கள். கார் அதற்கெல்லாம் அப்புறம்தான் வந்தது.

அதன்பின் காப்பி போடும் முறைகள் வரிசையாக வந்தன. 1901இல் மிலானின் லூயிஜி பெஸேரா எஸ்பிரஸோ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ், மகனின் நோட்டிலிருந்து கிழித்த மை ஒற்றும் தாளில் காப்பியை வடிகட்டிப் பார்த்துவிட்டுக் காகித ஃபில்டரைக் கொண்டுவந்தார். 1929இல் இரண்டு இத்தாலியர்கள் ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பொடியைக் கேட்டது. கணக்கு எளிது: தண்ணீர் பொடியோடு இருக்கும் நேரம் கூடினால் துண்டு பெரிதாக இருக்கலாம். எஸ்பிரஸோவில் சுமார் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு நைஸான பொடி. காகித ஃபில்டருக்கு நடுத்தரம். மாவு அதிகமானால் தாள் அடைத்துக்கொள்ளும். நாலு நிமிடம் ஊறும் ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் கொரகொரப்பு.

நம் பித்தளை ஃபில்டர் இவற்றுக்கு நடுவே ஒரு தனி ஜாதி. அழுத்தமும் இல்லை, தாளும் இல்லை. தன் எடையிலேயே தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். பொடி மாவானால் ஓட்டை அடைத்து டிகாஷன் இறங்காது. பெரிதானால் கடகடவென்று இறங்கித் தண்ணியாகிவிடும். தமிழ் வீடுகளில் நீராகாரம் இருந்த இடத்துக்குக் காப்பி வந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் எழுதியிருக்கிறார். காப்பி வந்த வீடுகளில் பலவற்றில் கூடவே ஒரு மெஷினும் வந்தது. மேஜை விளிம்பில் திருகி மாட்டும் இரும்பு மெஷின். எங்கள் வீட்டிலும் இருந்ததாம். நான் பார்த்ததில்லை.

ஊருக்குப் போனபோது அப்பாயியிடம் கேட்டேன்.

"அதச் சுத்திச் சுத்தித்தான்யா என் தோள்பட்டையே போச்சு. ஒம்பது பேருக்குக் காப்பி. விடியக்காலம் எந்திரிச்சு சுத்தணும். மிக்ஸி வந்த வாரமே பழைய இரும்புக்காரன்ட்ட தூக்கிப் போட்டேன்."

அப்புறம் மிக்ஸியும் வேண்டாமென்று கடைத்தெருவிலேயே அரைத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 1871 வாக்கில் இஸ்தான்புல்லில் மெஹ்மெத் எஃபெண்டி என்பவர் கொட்டையை வறுத்து, அரைத்து, பொடியாகவே விற்க ஆரம்பித்தார். அதுவரை அங்கே ஜனங்கள் பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில்தான் வறுத்து அரைத்தார்கள். அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அரைத்த பொடியின் வாசனை கொட்டையின் வாசனையைவிட மிகச் சீக்கிரம் போய்விடும் என்பது உண்மை. ஆனால் வாசனை போனதைப் பற்றி எழுதும் நாம், யாருடைய தோள்பட்டை பிழைத்தது என்று எழுதுவதில்லை. அந்த இரும்பு மெஷினை நினைத்து ஏங்குகிறவர்களில் அதைச் சுற்றியவர்கள் எத்தனை பேர்?

நீங்கள் கிரைண்டர் வாங்கப் போனால் முதலில் காப்பி எதில் போடுகிறீர்கள் என்று பாருங்கள், பட்ஜெட்டை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் பித்தளை ஃபில்டர் மட்டும்தான் என்றால் கிரைண்டரே வேண்டாம். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் நூறு கிராம் நூறு கிராமாக வாங்குங்கள். காகித ஃபில்டரோ ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸோ என்றால் கூம்பு வடிவ பர் வைத்த கை கிரைண்டர் போதும். எஸ்பிரஸோ என்றால் இடைவெளியை மிக நுணுக்கமாக மாற்ற முடிய வேண்டும். ஒரு பல் தள்ளினாலே சுவை மாறும், செலவு கூடுவது இங்கேதான். துருக்கிக் காப்பிக்கு அந்த கிரைண்டர் மாவுவரை போகுமா என்று விசாரியுங்கள். பிளேடு கிரைண்டர் மிளகாய்க்கு நல்லது. என்னுடையது இப்போது அந்த வேலைதான் பார்க்கிறது.

கடைசியில் நான் கை கிரைண்டர் வாங்கினேன். அடுத்த தடவை ஊருக்கு எடுத்துப் போய் அப்பாயியிடம் காட்டினேன். கையில் வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"இதுல ஒரு ஆளுக்குத்தானே வரும்?"

"ஆமா, ரெண்டு பேருக்கு வேணா வரும்."

"வீட்டுல யாரு சுத்துறா?"

"நான்தான்."

"அப்பச் சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.