முந்திரிகைப் பந்தலும் இயந்திரமும்

உழவுத் தொழிலில் இயந்திரம் புகுந்த வரலாற்றை ஆராய்வோர், அது மனிதனுடைய எவ்வேலையை முதலிற் கைக்கொண்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டு அச்சுவேலியில், திராட்சை எனவும் வழங்கும் முந்திரிகை பயிராகிவரும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

மேனாடுகளில் முந்திரிகையை இயந்திரத்தால் அறுவடை செய்தல் 1960களில் நிலைபெறலாயிற்று. அமெரிக்க நாட்டுக் கோர்னெல் பல்கலைக்கழகத்து அறிஞர் நெல்சன் சோலிஸ், கொடிகளை இரு திரைகள்போலக் கம்பியிற் படரவிடும் முறையை வகுத்தார். விளைவைப் பெருக்கக் கருதிய அம்முறை இயந்திரத்துக்கும் இசைந்ததாயிற்று. பின்னர்ப் பரவிய இயந்திரங்கள், கொடி நிரையின் இருமருங்கும் சக்கரம் பதித்துச் சென்று, கொடியை அதிர்த்துக் கனிகளை உதிர்ப்பன. உதிர்ந்த கனி சிதைந்தாலும் பெரும் இழப்பில்லை. அது மதுவுக்கோ இரசத்துக்கோ விரைவிற் பிழியப்படுவதே காரணம்.

அச்சுவேலியின் நிலைமை வேறு. இங்கே செம்மண் தோட்டங்கள் சிறு துண்டுகள். கொடி தலைக்குமேற் பந்தலிற் படர்வது. அணித்தாகிய தோலகட்டியில், 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் சபையினர் முந்திரிகை மது வடித்துப் பெயர்பெற்றனராயினும், தோட்டக்காரர் பெரிதும் நம்பியது பழச் சந்தையையே. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு அச்சந்தையை வளர்த்தது. சந்தைப் பழம் குலையோடு நலுங்காதிருத்தல் வேண்டும். ஆதலின் கொடியைக் கத்தரித்து, மூன்று மாதங்களுக்கு மேலாகக் காத்திருந்து, முதிர்ந்த குலைகளைக் கையாற் கொய்வதே இங்கு முறையாயிற்று.

எனினும் இயந்திரம் இவ்வூருக்கு வாராமலில்லை. அது பந்தலுக்கன்றிக் கிணற்றுக்கு வந்தது. முன்னாளில் ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து நீர் பாய்ச்சினர். 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. உழைப்பின் கடுமை தணிந்தது, பணப்பயிர் பெருகியது. 1990இன் பின்னர்ப் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதானபோது, அவ்வியந்திரங்களை எத்துணை நம்பியிருந்தனர் என்பது புலனாயிற்று. கைவிட்ட துலாவை மீண்டும் நாடினோரும் உளர்.

இதனினும் ஆழ்ந்த மாற்றம் நிலத்தடியில் நிகழ்ந்தது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீரே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உப்புநீரின்மேல் நன்னீராய்த் தங்குகிறது. அச்சுவேலிக்கு அயலிலுள்ள நிலாவரைக் கிணறு, மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் கொண்டு இவ்வுண்மையைக் காட்டி நிற்கிறது. நன்னீரை மிகுதியாக இறைப்பின் உவர்நீர் மேலெழும். துலா மிதித்தவன் களைத்தபோது இறைப்பும் நின்றது. அக்களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரமோ களைப்பறியாது.

குலை கொய்யும் கை இன்றியமையாததாயிருக்க, நீருக்கு அளவு வகுத்த கால் ஓய்ந்துவிட்டது. அவ்வளவை இனி அறிவினாலேயே வகுத்தல் வேண்டும். பந்தலின் வாழ்வு கிணற்றின் நன்னீரிலேயே தங்கியுள்ளது.