மைக் இல்லாமல் அரங்கை நிரப்பும் குரல்: யார் இந்த பட்ரிசியா ரொசாரியோ?

மும்பை சர்னி ரோடு பக்கம் போனால் ராயல் ஓபரா ஹவுஸைப் பார்க்கலாம். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த கட்டடம். ஓபராவுக்காகக் கட்டினார்கள், ஆனால் சீக்கிரமே சினிமா தியேட்டர் ஆகிவிட்டது. 1993-ல் பூட்டினார்கள். 23 வருஷம் கழித்து, 2016 அக்டோபரில் புதுப்பித்துத் திறந்தபோது முதல் இரவில் அங்கே பாட அழைக்கப்பட்டவர் பட்ரிசியா ரொசாரியோ. அதே ஊரில் 1960-ல், கோவா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் ஓபரா பாடகி ஆனது லண்டனில்.

சொந்த ஊரில் அந்தத் தொழிலுக்குப் படிப்பும் இல்லை, மேடையும் இல்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

முதலில், சோப்ரானோ என்றால் என்ன?

மேற்கத்திய இசையில் பெண் குரல் வகைகளில் மிக உயரமானது சோப்ரானோ. கட்டைக் கணக்கில் சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். கீபோர்டின் நடுவில் இருக்கும் ‘ஸி’தான் ஒரு கட்டை, சுமார் 262 ஹெர்ட்ஸ். சோப்ரானோவின் எல்லை ஏறக்குறைய அங்கே ஆரம்பித்து, இரண்டு ஸ்தாயி மேலே 1,047 ஹெர்ட்ஸ் வரை போகும். மோட்சார்ட்டின் ‘தி மேஜிக் ஃப்ளூட்’ ஓபராவில் இரவு ராணி பாத்திரம் இதையும் தாண்டி, 1,397 ஹெர்ட்ஸைத் தொட வேண்டும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கர்நாடக சங்கீதத்தில் பெண்கள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். அதில் மேல் பஞ்சமம் 587 ஹெர்ட்ஸ்தான். சோப்ரானோவின் உச்சம் அதற்கும் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மேலே.

யார் உசத்தி என்ற போட்டி இல்லை இது. இரண்டும் வேறு வேறு வேலை. நம் வித்வாம்சினிக்கு முன்னால் மைக் இருக்கிறது. கமகத்தின் நுணுக்கத்தில் அவர் முழுக் கவனத்தையும் வைக்கலாம். ஓபரா பாடகிக்கு மைக் கிடையாது. எதிரே ஐம்பது, அறுபது வாத்தியங்கள் வாசிக்கும். அதைத் தாண்டி கடைசி வரிசை வரை குரல் போகணும். கத்தினால் தொண்டைதான் போகும். வாயையும் தொண்டையையும் ஸ்வரத்துக்கு ஏற்ற வடிவில் திறந்து, உடம்பையே ஒரு ஒலிபெருக்கியாக்கும் பயிற்சி அது. பல வருஷம் பிடிக்கும்.

ரொசாரியோ எப்படிப் போனார்?

லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். பிறகு ஓபரா மேடை, கச்சேரி மேடை இரண்டிலும் பாடினார். ஆனால் அவருக்குத் தனி அடையாளம் கிடைத்தது ஜான் டேவனர் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர் மூலம். பெயர் புதிதாக இருக்கலாம். 1997-ல் இளவரசி டயானாவின் இறுதிச்சடங்கில், சவப்பெட்டியை வெளியே எடுத்துச் செல்லும்போது ஒலித்த பாடல் இவர் இசையமைத்ததுதான்.

டேவனர் ரொசாரியோவின் குரலை மனதில் வைத்து எழுதியவை 30-க்கும் மேல். ஒரு பாடகிக்கு இதைவிடப் பெரிய விருது இருக்குமா, தெரியவில்லை. 1992-ல் ஆல்டபர்க் விழாவில் அரங்கேறிய ‘மேரி ஆஃப் ஈஜிப்ட்’ ஓபராவில் தலைப்புப் பாத்திரம் அவருடையது. 2003-ல் லண்டன் டெம்பிள் சர்ச்சில் இரவு முழுக்க நடந்த ‘தி வெய்ல் ஆஃப் தி டெம்பிள்’ படைப்பிலும் பாடினார். டேவனரின் பாட்டு வேகமாக ஓடாது. நீண்ட, உயரமான ஸ்வரங்களில் அப்படியே நிற்கும். விளம்ப காலத்தில் கார்வை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் சிரமம் புரியும்.

2001-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. கௌரவம் கிடைத்தது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் ஆசிரியராகவும் இருக்கிறார்.

தெற்காசிய வேர் உள்ள இன்னொரு நட்சத்திரமும் உண்டு. டேனியல் டி நீஸ், 1979-ல் மெல்போர்னில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைப் பறங்கியர். 19 வயதிலேயே நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் மேடையேறிவிட்டார். ஆனால் அவர் வளர்ந்தது ஆஸ்திரேலியாவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும். இரண்டு பேர் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திறமை எங்கே பிறக்கிறது என்பதைவிட பயிற்சி எங்கே கிடைக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

சரி, தடாவில் இருந்து ஒருவர் கிளம்பினால்?

சூலூர்பேட்டை லோக்கலில் ஆரம்பாக்கம் தாண்டியதும் வரும் தடா ஸ்டேஷனில் இறங்கி, ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? குரல் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ரயிலில் திரும்பி வந்தால் சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. மேற்கத்திய வாய்ப்பாட்டும் சொல்லித்தருகிறார்கள். அதுவரை ஓகே. அதற்கு மேல்தான் சிக்கல். வருஷம் முழுக்க ஓபரா நடத்தி, பாடகர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் இந்தியாவில் இல்லை. மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, ஆனால் அது வாத்தியக்காரர்களுக்கான இடம். பாடிப் பிழைக்கணும் என்றால் இன்றைக்கும் விமானம் ஏறத்தான் வேண்டும்.

வயதாகிவிட்டதோ என்ற பயம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஐந்து வயதில் சரளி வரிசை ஆரம்பிக்கும் நம் வழக்கம் இங்கே இல்லை. முறையான ஓபரா பயிற்சி பெரும்பாலும் 17, 18 வயதுக்கு மேல்தான். குரல் முழுசாக முதிர்வது முப்பதுகளில்.

இந்த இடைவெளியை ரொசாரியோவே பார்த்திருக்கிறார். கணவரும் பியானோ கலைஞருமான மார்க் ட்ரூப்போடு சேர்ந்து 2009-ல் ‘கிவிங் வாய்ஸ் டு இந்தியா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். இருவரும் லண்டனில் இருந்து வந்து, மும்பை, கோவா போன்ற இடங்களில் தங்கி வகுப்பெடுத்து, மாணவர்களை மேடையேற்றுகிறார்கள். அவர்களில் சிலர் பிரிட்டனின் இசைக் கல்லூரிகளுக்குப் படிக்கப் போயிருக்கிறார்கள்.