பரண்மேல் கிடக்கும் சரித்திரம்

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கட்சிகள் உண்டு. எதையும் எறிய மனம் வராத கட்சி ஒன்று. எதைக் கண்டாலும் எறியத் துடிக்கும் கட்சி மற்றொன்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன. வருஷத்தில் 364 நாளும் சேர்க்கும் கட்சியின் ஆட்சிதான். மார்கழி மாதத்துக் கடைசி நாளன்று மட்டும் எறியும் கட்சி பதவிக்கு வருகிறது. அந்த ஒரு நாளில் அது செய்து முடிக்கும் காரியங்களை மற்றக் கட்சி வருஷம் பூராவும் முனைந்தாலும் சரிக்கட்ட முடியாது. பிய்ந்த பாய், ஓட்டை முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் விடியற்காலையில் வாசலில் எரிகின்றன. வீடு வெளுக்கிறது. பொங்கலுக்கு இடம் கிடைக்கிறது.

எறியும் கட்சிக்கு நான் விரோதி அல்ல. வீடு மனிதர்கள் வசிப்பதற்காகக் கட்டப்பட்டது; சாமான்கள் வசிப்பதற்காக அல்ல. ஆனால் பரணிலிருந்து இறங்கும் பொருள்களில் ஒன்றே ஒன்று மட்டும் மற்றவற்றைப் போன்றதல்ல என்பது என் அபிப்பிராயம். பாய் கிழிந்திருந்தால் பார்த்தவுடன் தெரிகிறது. முறத்தில் ஓட்டை இருந்தால் கண்ணில் படுகிறது. எழுத்து அப்படியா? கட்டிப் போட்ட காகித மூட்டை, பார்ப்பதற்கு எப்போதும் குப்பைதான். அது குப்பையா அல்லவா என்பதைப் பார்த்து அறிய முடியாது. படித்துத்தான் அறிய வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசத்தை மறந்ததால் நம்முடைய நாடு இழந்தது கொஞ்ச நஞ்சமல்ல.

ஓலைச் சுவடியை எடுத்துக் கொள்வோம். அதற்கும் ஆயுள் உண்டு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பூச்சிகளுக்கு நடுவிலும் ஓர் ஏடு சில நூறு வருஷங்கள் தாங்கினால் பெரிய காரியம். ஆகவே நம் முன்னோர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். சரஸ்வதி பூஜைக்குச் சுவடிகளை இறக்கித் தூசி தட்டுவார்கள். எழுத்து மங்கியிருந்தால் மையைத் தடவித் துடைத்துத் துலக்குவார்கள். எண்ணெய் பூசிப் பூச்சியை விரட்டுவார்கள். இனிமேல் தாங்காது என்று தோன்றும் ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுப்பார்கள். படியெடுத்த பிறகு பழைய ஏட்டைக் குப்பையில் போட மாட்டார்கள். எழுத்து சரஸ்வதி அல்லவா? ஆடிப் பதினெட்டில் ஆற்று வெள்ளத்தில் விட்டுவிடுவார்கள். அல்லது அக்கினிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் என்ன தவறு? ஒன்றுமே இல்லை. வீட்டை ஒழுங்காக வைத்துக் கொள்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. புதியது பிறந்த பிறகே பழையது போயிற்று. உடம்பு போனாலும் உயிர் அடுத்த ஓலையில் தொடர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்த ஏற்பாட்டின் அச்சு முறிந்தது. 1835-ல் இந்தியர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைத்துக் கொள்ள வழி பிறந்தது. காகிதப் புத்தகங்கள் வந்தன; ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வந்தன; உத்தியோகங்கள் வந்தன. எழுத்தாணி பிடித்த கைகள் பேனா பிடித்தன. ஏடு எழுதுவோர் குறைந்து போனார்கள். தாத்தா படித்த சுவடியைப் பேரனால் படிக்க முடியவில்லை. படியெடுக்கும் வழக்கம் நின்றுவிட்டது. ஆனால் பாருங்கள், ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை! இரண்டு காலில் நடந்து வந்த சம்பிரதாயம் ஒற்றைக் காலில் நொண்டத் தொடங்கியது. படியெடுக்காத ஏடுகளையும் பக்தி சிரத்தையோடு வெள்ளத்தில் விட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைய ஆரம்பித்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், 1880-ல் அந்த ஊரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், சீவக சிந்தாமணியைத் தேடத் தொடங்கி 1887-ல் அதை அச்சிட்டதும் வாசகர்கள் அறிந்த கதை. நான் சொல்ல வந்தது அவருக்குக் கிடைத்த ஏட்டைப் பற்றியல்ல. கிடைக்காமற் போன ஏடுகளைப் பற்றி.

சங்கரன்கோயிலுக்கு அருகே கரிவலம்வந்தநல்லூர் என்ற ஊர் இருக்கிறது. பாண்டிய வம்சத்து அரசர் ஒருவர் சேர்த்து வைத்த ஏடுகள் அந்த ஊர்க் கோயிலில் இருப்பதாக ஐயர் கேள்விப்பட்டு ஆவலோடு போனார். கோயில் காரியங்களைக் கவனித்தவரிடம் விசாரித்தார். பழைய ஏடுகள் கூளமாகக் கிடந்தது வாஸ்தவந்தான் என்றும், கண்ட இடத்தில் அவற்றைப் போடக் கூடாது என்பதால் நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்கள் என்றும் பதில் வந்தது. சொன்னவருக்கு அதில் கூச்சம் எதுவும் இல்லை. சாஸ்திரப்படி நடந்ததைத்தான் அவர் சொன்னார். கேட்டவருக்கோ வயிறு எரிந்தது. தம் சரித்திரத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு அந்தக் கோயில்காரர்மீது கோபம் வரவில்லை. அவர் எழுத்தை அவமதித்தவர் அல்லர். எழுத்தை வணங்கியவர். வணங்கத் தெரிந்தவருக்குப் படிக்க மட்டும் தெரியவில்லை. போகட்டும், படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, "இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் விட்டுப் போயிற்று.

நம்முடைய நஷ்டக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பரிபாடலில் இருந்தவை 70 பாடல்கள் என்பார்கள். முழுமையாக நமக்குக் கிடைத்தவை 22. பதிற்றுப்பத்தில் பத்துப் பத்துகள் இருக்க வேண்டும். முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267-ம் பாட்டும் 268-ம் பாட்டும் வெறும் எண்களாகவே நிற்கின்றன. வளையாபதியும் குண்டலகேசியும் சில்லறைப் பாடல்களாகச் சிதறிக் கிடக்கின்றன. இவையெல்லாம் ஹோமத்தில் போயின என்று நான் சொல்ல மாட்டேன். கரையானுக்கும் மழைக்கும் காலத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டில், வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்த ஒரு நல்ல நாளுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதே பக்தி வேறொரு தேசத்தில் வேறு விதமாக வேலை செய்தது. எகிப்தில், பழைய கெய்ரோவில், யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதிய காகிதத்தை அழிப்பது யூதர்களுக்குப் பாவம். ஆகவே பயன் தீர்ந்த காகிதங்களைப் போட்டு வைக்க அந்த ஆலயத்தில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதற்குக் கதவு கிடையாது. சுவரில் உயரத்தில் ஒரு துவாரம். ஏணி வைத்து ஏறித்தான் காகிதத்தை உள்ளே போட வேண்டும். நம் வீட்டுப் பரணுக்கு அண்ணன் முறை என்று வைத்துக் கொள்ளுங்களேன்! பல நூற்றாண்டுகளாகப் போட்டுக் கொண்டே வந்தார்கள். வேத ஏடுகளோடு கடிதங்களும், கடன் சீட்டுகளும், கல்யாண ஒப்பந்தங்களும், கடைச் சாமான் ஜாபிதாக்களும் சேர்ந்தே உள்ளே விழுந்தன.

1896-ல் ஸ்காத்லாந்துச் சகோதரிகள் இருவர் பிரயாணத்தில் வாங்கி வந்த பழைய ஏடுகள் சிலவற்றைக் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டர் என்ற பண்டிதரிடம் காட்டினார்கள். அவர் அசந்து போனார். அந்த வருஷக் கடைசியிலேயே கெய்ரோவுக்குப் போய், அறைக்குள் இறங்கி, பல வாரங்கள் தூசியை விழுங்கி, ஏறக்குறைய 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சேர்த்தார்.

அவற்றில் நம் பக்கத்துச் சமாசாரமும் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வியாபாரி மங்களூரில் பல வருஷங்கள் குடியிருந்தார். வெண்கலப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். ஏடனிலிருந்து அவருடைய நண்பர்கள் பழைய உடைந்த பாத்திரங்களை அனுப்பி, புதிதாக வார்த்துத் தரச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மிளகுக்கும் பாக்குக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து மேற்குக் கரை வியாபாரத்தின் உள் விவரங்களை நமக்குச் சொல்வது எது? கல்வெட்டு எழுதிய அரசன் அல்ல. கெய்ரோவில் எறியாமல் வைத்த குப்பை!

ஒரே பக்தி ஓரிடத்தில் நெருப்பு மூட்டியது. இன்னோரிடத்தில் பூட்டி வைத்தது. அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடலாமா? அதுவும் நடவாத காரியம். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள அடுக்குமாடி வீட்டில் எந்தச் சுவரில் துவாரம் போடுவது?

நடுவழி ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-ல் இறக்கும் வரையில் தினசரி எழுதி வந்தார். கப்பல் வந்தது, கவர்னர் கோபித்தது, தெருவில் ஜனங்கள் பேசியது எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்த சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஊரே இடிந்தது, ஆட்சி மாறியது. ஆயினும் அவருடைய குடும்பத்தார் அந்தக் கணக்குப் புத்தகங்களை விட்டுவிடவில்லை. 1846-ல் கலுவா-மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். 85 வருஷங்கள் அந்த வீட்டிலும் எத்தனையோ பொங்கல் வந்திருக்கும். எத்தனையோ முறை வெள்ளையடித்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர், "அது பெரியவர் எழுதியது, இருக்கட்டும்" என்று ஓரமாக எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் மானசீகமாக ஒரு கும்பிடு போடுகிறேன்.

"அது துபாஷ் வீடு ஐயா! என் வீட்டுப் பரணில் என்ன இருக்கப் போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் உறவில் ஒரு பழைய வீட்டை விற்றபோது சாமான்களை ஒழிக்க நானும் போயிருந்தேன். மூங்கில் கூடையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு கிடந்தது.

"அதை ஏண்டா தம்பி புரட்டறே? எல்லாம் செல்லரிச்ச குப்பை. அடுப்பிலே போடு" என்றார் பெரியம்மா. எண்பது வயசு, எறியும் கட்சியின் தலைவி.

"உங்க கல்யாணக் கணக்கு, பெரியம்மா. பந்தல்காரருக்கு இவ்வளவு, நாயனக்காரருக்கு இவ்வளவு, வண்டிச் சத்தம் இவ்வளவுன்னு எழுதியிருக்கு."

"எங்கப்பா எழுத்தா? படி, கேட்போம்."

படித்துக் கொண்டே போனேன். வரவுப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: மாடு ஜோடி விற்ற வகையில். பெரியம்மாவின் முகம் மாறிற்று.

"மாட்டுக்குச் சீக்கு வந்திடுச்சு, அதான் வித்துட்டேன்னுதானே சொன்னாரு எங்கப்பா" என்றார். பிறகு வெகு நேரம் பேசவில்லை. புறப்படும்போது அந்த நோட்டைத் தம் துணிப்பைக்குள் வைத்துக் கொண்டார்.

கதை எழுதுகிறவன் ஆயிரம் பக்கம் எழுதினாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது. அது எந்த நூலகத்திலும் கிடைக்காது. ஒரே ஒரு பிரதிதான்.

இப்படி ஊரார் எறிந்த ஒற்றைப் பிரதிகளைச் சேர்ப்பதையே தவமாகக் கொண்டவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தார் அந்தச் சேகரத்தை வாங்கினார்கள். அதைச் சென்னையிலேயே வைத்து 1994-ல் அவர் பெயரால் நூலகம் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்று அங்கே போய் உட்காருகிறார்கள்.

எல்லோரும் முத்தையா ஆக முடியாது; ஆகவும் வேண்டாம். பழைய முறையின் இரண்டு காலையும் திரும்பக் கொண்டு வந்தால் போதும். படியெடுத்துவிட்டு எறிவதே அந்த முறை. இப்போது படியெடுப்பதற்கு எழுத்தாணி வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் கைபேசி போதும். அந்தக் காலத்தில் ஒரு மாதம் பிடித்த வேலை இன்று அரை மணியில் முடிகிறது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்யாது. வீட்டில் உள்ள பெரியவரை உட்கார வைத்து, "இது யார் எழுத்து? இது எந்த ஊர்ச் சங்கதி?" என்று கேட்டு, அந்தப் பதிலைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக் கொள்ள வேண்டும். பழைய தமிழ் எண்களைத் தயங்காமல் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்த காலம் போய், தெருவுக்கு ஒருவர் கூட இல்லாத காலம் வந்துவிட்டது. காகிதம் இன்னும் ஐம்பது வருஷம் பொறுத்திருக்கலாம். பெரியவர் பொறுத்திருப்பாரா?

ஆகவே இந்தப் போகிக்கு ஓட்டை முறத்தைத் தாராளமாக எறியுங்கள். பிய்ந்த பாயையும் எறியுங்கள். பரணைப் பெருக்கி, வெள்ளையடித்து, பளிச்சென்று வைத்துக் கொள்ளுங்கள். எழுத்து உள்ள மூட்டையை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். கட்டை அவிழ்த்துப் படித்துப் பாருங்கள். படித்த பிறகும் அது குப்பை என்று தோன்றினால், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, தாராளமாக எறிந்துவிடலாம்.