அந்நிய மொழி, விலக்கு, என் அம்மாவின் தமிழ்

அக்கா மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் போனில் கேட்டாள்: "மாமா, எனக்குத் தமிழ் தெரியும்னு நிரூபிக்கணுமாம். எப்படி நிரூபிக்கிறது?" எனக்குச் சிரிப்புதான் வந்தது. கேட்டதே தமிழில்தானே. விஷயம் இதுதான்: அவள் படித்த இடத்தில் பட்டம் வாங்க நாலு செமஸ்டர் 'அந்நிய மொழி' படித்திருக்க வேண்டும். ஏற்கனவே ஒரு மொழி தெரிந்தவர்கள் திறன் தேர்வில் எழுதியும் பேசியும் காட்டினால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. அவள் தமிழை என் அம்மாவிடம் கற்றவள். அம்மா திருநெல்வேலிப் பக்கம், எட்டாவது தாண்டாதவள், பேத்தியை வளர்க்கவென்று அங்கே போய்ப் பதினோரு வருஷம் கிடந்தவள். அடுப்படியில் ஆச்சியோடு பேசிய பேச்சு பல்கலைக்கழக வாசலில் 'அந்நிய மொழி' ஆகிறது, பிறகு அளக்கத்தக்க 'திறன்' ஆகிறது, கடைசியில் 'விலக்கு' ஆகிக் காணாமல் போகிறது. இந்த மூன்று சொற்களும் எங்கே பிறந்தன என்று தேடிப்போனேன். தேடியதில் கிடைத்தவை நம்முடைய சில வியாதிகளையும் ஞாபகப்படுத்தியதால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆரம்பத்தில் கட்டாயமாக இருந்தவை லத்தீனும் கிரேக்கமும். கனவான் வீட்டுப் பிள்ளை என்பதற்கான அடையாளச் சீட்டு அது. செத்த மொழிகளை எடுத்துவிட்டு வேறு ஏதாவது சொல்லிக் கொடுக்கலாமே என்ற பேச்சு எழுந்தபோது, அதற்கு மறுப்பாக 1828இல் யேல் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டது. மனசை ஒழுங்குபடுத்தும் பயிற்சி அது, எனவே அவசியம் என்பது வாதம். அந்த மொழியில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதை யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. நம்முடைய பண்டிதர்கள் நன்னூலை மனப்பாடம் பண்ணவைத்ததற்குச் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான். ஹார்வர்டில் சார்லஸ் எலியட் தலைவராக இருந்த காலத்தில் (1869-1909) விருப்பப்பாட முறை வந்து, 1880களின் பிற்பாதியில் சேர்க்கைக்குக் கிரேக்கம் கட்டாயம் என்பது தளர்ந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தன. நாற்காலி பழசு. அதனால் உயிருள்ள மொழிகளும் செத்த மொழிகளைப் போலவே விறைப்பாக உட்கார வேண்டியதாயிற்று: வாய்பாடு, இலக்கண விதி, வரிக்கு வரி மொழிபெயர்ப்பு. 1929இல் வந்த கோல்மன் அறிக்கை, இருக்கிற இரண்டு வருஷத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தாலே போதும் என்று அதை அங்கீகரித்தும் விட்டது.

இதற்கிடையில் வேறொரு சங்கதி நடந்தது. 1905இல் தொடங்கப்பட்ட கார்னகி அறக்கட்டளை, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர முன்வந்தது. எந்தக் கல்லூரிக்குத் தருவது, எதற்குத் தரக்கூடாது என்று பிரிக்க ஓர் அளவு தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் 'கார்னகி அலகு': ஒரு பாடத்தை வருஷத்தில் 120 மணி நேரம் படித்திருந்தால் ஓர் அலகு. ஓய்வூதியக் கணக்குக்காக உண்டான அளவு அறிவின் அளவாகவே ஆகிப்போனது. மொழி தெரியுமா என்று கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்பதுதான் கேள்வி. தாய்மடியில் கற்றவனுக்கு இந்தச் சொல்லாடலில் இடமே கிடையாது. அவன் எந்த பெஞ்சிலும் உட்கார்ந்து கற்கவில்லையே.

அவனுக்கு இடம் இல்லாமல் போனது வெறும் கணக்கு விவகாரம் மட்டுமில்லை. கனவான் வீட்டுப் பையனிடம் அந்நிய மொழி கேட்ட அதே தேசம், குடியேறிகளின் பிள்ளைகளிடமிருந்தும் பூர்வகுடிப் பிள்ளைகளிடமிருந்தும் மொழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. 1879இல் கார்லைலில் தொடங்கிய பூர்வகுடி உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் மொழியைப் பேசக் கூடாது. முதல் உலகப்போரின்போது ஜெர்மன் எதிரியின் மொழியாயிற்று. 1915இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய 24 சதவீதம் பேர் ஜெர்மன் படித்தார்கள்; 1922இல் ஒரு சதவீதம்கூட இல்லை. 1919இல் நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் போட்டது: எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது. ராபர்ட் மேயர் என்ற தேவாலயப் பள்ளி ஆசிரியர் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்டார். 25 டாலர் அபராதம். 1923இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கு முன் மாநில நீதிமன்றம் கொடுத்த விளக்கம்தான் எனக்கு முக்கியம்: லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு போன்ற செத்த மொழிகளுக்கு இந்தத் தடை பொருந்தாதாம். பேச ஆள் இல்லாத மொழியால் ஆபத்தில்லை. வீட்டில் பேசுகிற ஆள் இருந்தால்தான் ஆபத்து. 'அந்நிய மொழி' என்ற சொல்லின் முழு அரசியலும் இந்த ஒரு விளக்கத்தில் கிடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

'திறன்' என்ற சொல் வந்த வழி வேறு. அது ராணுவமும் வெளியுறவுத் துறையும் பெற்ற பிள்ளை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியம், அரபு என்று பேசத் தெரிந்த ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பல்கலைக்கழகங்கள் உற்பத்தி செய்துவைத்திருந்ததோ ரசீனை மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களை. 1943இல் ராணுவமே பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்து, தாய்மொழியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி நடத்தியது. போர் முடிந்து பனிப்போர் வந்தது. 1955இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வெளியுறவு அதிகாரிகளில் வேலைக்கு உதவுகிற அளவு மொழி தெரியும் என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 1956இல் முடிவாயிற்று. அப்படி உருவானதுதான் 0 முதல் 5 வரையிலான அளவுகோல். எதிரே உட்கார்த்திப் பேசவைத்து எண் போடுவார்கள்.

இதில் ஒரு ஜனநாயகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய், எத்தனை மணி நேரம் என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. 1967இல் ஜான் கேரல் இதைக் கொண்டு, மொழிப் பாடத்தையே முதன்மையாக எடுத்துப் படித்த கடைசி ஆண்டு மாணவர்களை ஆராய்ந்தார். பேச்சில் அவர்களின் நடுமட்டம் இரண்டைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். நாலு வருஷ மணிக்கணக்கின் லட்சணம் வெட்டவெளிச்சமாயிற்று. அதிகாரம் தன் தேவைக்காகச் செய்த ஒரு கருவி, கல்வி நிறுவனத்தின் பாசாங்கையே உரித்துக் காட்டியது. இப்படியும் நடக்கும்.

அந்தப் பாசாங்கை மாணவர்களும் பார்த்தார்கள். 1960களின் நடுவில் நாலாண்டுக் கல்லூரிகளில் பத்துக்கு ஒன்பது பட்டத்துக்கு அந்நிய மொழி கேட்டன. 1980களின் தொடக்கத்தில் பாதிக்கும் குறைவு. வியட்நாம் போர்க்காலக் கிளர்ச்சிகளில் கட்டாயங்கள் பலவும் விழுந்தன. பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் பொதுக் கட்டாயப் பாடங்களையே எடுத்துவிட்டது. அதே சமயத்தில், 1968-69இல், சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின, ஆசிய, லத்தீனோ, பூர்வகுடி மாணவர்கள் தங்கள் வரலாற்றுக்குத் துறை கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு பக்கம் மொழி வேண்டாம் என்று தூக்கிப் போடுகிறார்கள். இன்னொரு பக்கம் எங்கள் வீட்டு அறிவை உள்ளே விடு என்று கதவைத் தட்டுகிறார்கள். இந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1979இல் ஜனாதிபதி கார்ட்டர் அமைத்த குழு, அமெரிக்கர்களின் மொழி அறியாமை வெட்கக்கேடு என்று அறிக்கை கொடுத்தது. நிபந்தனை திரும்பி வந்தது, இந்தமுறை திறன் என்ற புதுச்சட்டை போட்டுக்கொண்டு. அரசு அளவுகோலைக் கல்லூரிக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்து மொழியாசிரியர் சங்கம் 1982இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது: தொடக்கநிலை, இடைநிலை, முன்னேறிய நிலை, உயர்நிலை. தேர்வில் காட்டிவிட்டால் வகுப்பு வேண்டாம் என்பது இப்போது தர்க்கப்படி வந்து சேர்கிறது. தமிழ் பேசுகிற பெண்ணுக்கும் கதவு திறந்தாயிற்று.

திறந்ததுதான், எந்தக் கதவு என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், இத்தாலியன், லத்தீன், சீனம், ஜப்பானியம் இவற்றுக்குப் பள்ளியிலேயே முன்கூட்டிய தேர்வு உண்டு. நல்ல மதிப்பெண் வாங்கினால் பல இடங்களில் கிரெடிட் கிடைக்கும். தமிழ், கெச்சுவா, உமோங் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது விலக்கு மட்டும். கிரெடிட் என்றால் உன்னிடம் ஒன்று இருக்கிறது என்று எழுதிக்கொள்வது. விலக்கு என்றால் உன்னிடம் இதைக் கேட்கமாட்டோம் என்று சொல்வது. தண்டனைக் குறைப்பு மாதிரி. பூர்வகுடிகள் இந்த வித்தியாசத்தைச் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள். 1990இல் வந்த பூர்வகுடி மொழிகள் சட்டம், அந்நிய மொழித் திறனுக்குத் தரும் அதே முழுக் கிரெடிட்டை எங்கள் மொழித் திறனுக்கும் தர வேண்டும் என்று பேசுகிறது. ஆனால் சட்டத்தின் வினைச்சொல் 'ஊக்குவிக்க' என்பதுதான். 'வேண்டும்' என்பது நாம் போட்டுக்கொள்வது. அந்த மண்ணின் மொழியே 'அந்நிய' மொழிக்கு இணையாகத் தன்னை நிறுத்தித்தான் உள்ளே வரமுடிகிறது என்பதை என்ன சொல்ல.

இனி நம்ம வீட்டு விஷயம். அந்த அரசு அளவுகோலின் உச்சியில், ஐந்தாம் படியில் உட்கார்ந்திருப்பவர் யார்? வெறும் தாய்மொழியாளர் இல்லை; நன்கு படித்த, சரளமாக எடுத்துப் பேசத் தெரிந்த தாய்மொழியாளர். என் அம்மாவை அந்தப் படியில் மனசுக்குள் ஏற்றிப் பார்த்தேன். ஏற முடியவில்லை. ஒப்பாரி சொல்வாள், பேரம் பேசுவாள், நாலு தலைமுறை உறவுமுறையைத் தப்பில்லாமல் சொல்வாள். நடக்காததை வைத்து வாதாடத் தெரியணும் என்று உயர்நிலைக்கு ஒரு விதி இருக்கிறது. "நீ மட்டும் அன்னைக்கு வந்திருந்தேன்னா" என்று தொடங்கினாளானால் அரைமணி நேரம் தாங்கும். இருந்தாலும் தமிழில் அவளுக்கு முழு மார்க் கிடையாது.

இதற்கு அமெரிக்காவைத் திட்டினால் மட்டும் போதாது. எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைக் கொச்சை என்று பெயரிட்டது நாம். பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று அங்கே வேலை செய்த ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் 'பொதுப் பேச்சுத் தமிழ்' என்று எதை எடுத்துக்கொண்டார்? படித்த, மேல்சாதி, பிராமணரல்லாதார் பேச்சை. சினிமாவிலும் ரேடியோ நாடகத்திலும் வருவது அதுதான், அவர் கண்டதைச் சொன்னார். தரப்படுத்தப்பட்ட பேச்சிலும் சாதி தன் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறது. அங்கே வெட்டிய அளவுகோலும் இங்கே வெட்டிய அளவுகோலும் அந்தத் தேர்வு அறையில் சந்தித்துக் கைகுலுக்குகின்றன.

அக்கா மகளுக்கு நடந்ததும் அதுதான். நேர்காணலில் ஆச்சியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். "அவிய" என்று தொடங்கியிருக்கிறாள். "அவர்கள் என்று சொல்லுங்கள்" என்றாராம் கேட்டவர். அவரும் தமிழர்தான். "அவியளப் பத்தி 'அவர்கள்'னு சொன்னா யாரப் பத்தியோ பேசற மாதிரி இருந்துச்சு மாமா" என்றாள். அப்புறம் அவள் பேசியது குறைந்துபோனது.

திறன் தேர்வை ஒழிக்கணும் என்று நான் சொல்லவரவில்லை. 2009-10இல் நாலாண்டுக் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதிதான் மொழி நிபந்தனை வைத்திருந்தன. 2023இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 45 மில்லியன் டாலர் பற்றாக்குறையைக் காட்டி உலக மொழிகள் துறையையே கலைத்தது. அந்த விவாதத்தின் நடுவே, மொழி கற்க இணையச் செயலிகளைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையையும் நிர்வாகம் முன்வைத்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தும் பெரிதாகப் பலனில்லை. நிபந்தனையே போய்விட்டால் எல்லாருக்கும் விலக்கு, எந்தத் தேர்வும் வேண்டாம். கற்றுத்தரும் பொறுப்பிலிருந்து பல்கலைக்கழகமும் தனக்குத்தானே விலக்கு கொடுத்துக்கொள்கிறது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் கேட்க வேண்டியது கிரெடிட்டும் வகுப்பும். அந்த வகுப்பில் 'அவிய'வுக்கும் ஓர் இடம்.

அவள் தேறிவிட்டாள். மதிப்பெண் பட்டியலின் நகலை எனக்கு அனுப்பியிருந்தாள். 'அந்நிய மொழி நிபந்தனை: பூர்த்தி' என்று ஒரு வரி. எந்த மொழி என்று அதில் போடவில்லை. அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். "பாஸாயிட்டாளா? அது போதும்" என்றாள்.